புகைவண்டிப் படத்தின் வயது என்ன?



பழைய புகைப்படம் ஒன்று கைக்குக் கிடைத்தால் நாம் முதலில் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறோம். அங்கே ஓர் ஆண்டு எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடுகிறோம். ஒன்றும் எழுதியிராவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கிறோம். "இது ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி எடுத்தது" என்பார் பாட்டி. "இல்லை, அவன் போன பிறகு" என்பார் பெரியப்பா. இரண்டு பேரும் உறுதியாகத்தான் சொல்வார்கள். படம் மட்டும் பேசாமல் இருக்கும்.

படத்தைப் பேச வைக்க ஒரு வழி உண்டா? உண்டு. அதைக் கற்றுக்கொள்ள மிகவும் வசதியானது பிரிட்டனில் ஓடிய நீராவி எஞ்சின்களின் படங்கள். அந்த நாட்டில் ரயில் எஞ்சினைப் படமெடுப்பதையே வாழ்நாள் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் காலமான பிறகு பெட்டி பெட்டியாகப் படங்கள் பொருட்காட்சி சாலைகளுக்கு வந்து சேர்ந்தன. பலவற்றில் ஆண்டு இல்லை. சிலவற்றில் ஆண்டு இருந்தும் தவறாக இருந்தது. எடுத்தவர் ஒருவர், பின்னாளில் நினைவிலிருந்து எழுதியவர் வேறொருவர் என்றால் அப்படித்தானே ஆகும்?

ஆகவே நாம் கடைசியாக நம்ப வேண்டியது பின்புற எழுத்தை. முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை. அதன் உடம்பெல்லாம் எண், எழுத்து, தகடு. ஒவ்வொன்றும் "இந்த ஆண்டுக்கு முன் இது எடுக்கப்பட்டிருக்க முடியாது" என்றோ, "இந்த ஆண்டுக்குப் பின் முடியாது" என்றோ சொல்லும். ஆட்டை இரண்டு பக்கமும் வேலி வைத்து மடக்குவதுபோல, படத்தை இந்த இரண்டு வேலிகளுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வேலிகள் நெருங்க நெருங்க ஆண்டு தெளிவாகும்.

முதல் வேலி மிகவும் எளியது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். ஸ்டீபன்சனின் புகழ்பெற்ற 'ராக்கெட்' எஞ்சின் ரெயின்ஹில் என்னும் இடத்தில் நடந்த போட்டியில் வென்றது 1829-ல். பத்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. எனவே புத்தம் புதிய ராக்கெட் ஆட்கள் சூழ ஓடுவதாக ஒரு புகைப்படத்தை யாராவது காட்டினால், அது பிற்காலத்தில் விழாக்களுக்காகச் செய்த நகல் எஞ்சினின் படம். 1979-ல் போட்டியின் 150-ஆம் ஆண்டை ஒட்டி அப்படி ஒரு நகல் செய்தார்கள். அது நன்றாகவே ஓடியது.

அடுத்தபடியாக, ரயில் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். தொடக்க காலப் படத் தகடுகள் மிகவும் மந்தமானவை. எஞ்சினும் அருகில் நிற்கும் மனிதரும் அசையாமல் இருந்தால்தான் உருவம் விழும். 1880-ஐ ஒட்டி விரைவான உலர்ந்த தகடுகள் பரவிய பிறகுதான் ஓடும் ரயிலைத் தெளிவாகப் பிடிக்க முடிந்தது. அதற்கு முந்திய படங்களில் டிரைவர்கள் மரம்போல விறைத்து நிற்பதன் காரணமும் இதுதான்; அவர்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை!

பிறகு சக்கரங்களை எண்ண வேண்டும். படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். எண்ணியதை இரட்டிக்க வேண்டும். முன்னால் உள்ள சிறு சக்கரங்கள், நடுவே எஞ்சினை இழுக்கும் பெரிய சக்கரங்கள், பின்னால் உள்ள சிறு சக்கரங்கள் என்று மூன்று எண்களாகச் சொல்வது வழக்கம். 4-6-0 என்றால் முன்னால் நான்கு, நடுவே ஆறு, பின்னால் ஒன்றுமில்லை. பிரிட்டனில் முதல் 4-6-0 எஞ்சின் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் ரயில்வேயில் 1894-ல் வந்தது. 4-6-2 முதலில் வந்தது 1908-ல். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 'தி கிரேட் பேர்' என்ற எஞ்சின் அது. ஆகவே பிரிட்டனில் எடுத்த படத்தில் 4-6-2 எஞ்சின் நின்றால், பின்புறம் 1900 என்று யார் எழுதியிருந்தாலும் அடித்துவிடலாம்.

தண்டவாளமும் சாட்சி சொல்லும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஒரு காலத்தில் ஏழு அடிக்குச் சற்றே கூடுதலான அகலத்தில் தண்டவாளம் போட்டிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் நான்கு அடி எட்டரை அங்குலம். கடைசியில் அகலப் பாதையைக் கைவிட வேண்டி வந்தது. 1892 மே மாதத்தில் ஒரே வார இறுதியில், நாலாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் மேற்குப் பகுதியில் மிச்சமிருந்த பாதை முழுவதையும் ஒடுக்கிப் போட்டு முடித்தார்கள். ஆகவே அகலப் பாதையில் ரயில் ஓடும் படம் 1892 மே மாதத்துக்குப் பிந்தியது அல்ல. வரலாற்றில் எஞ்சினை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது. அந்த நாலாயிரம் பேரின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எஞ்சினின் முகப்பில், குறுக்கு உத்திரத்துக்குப் பக்கத்தில், வளைந்த குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். அது பிரேக் குழாய். அதற்குப் பின்னால் துயரமான கதை ஒன்று இருக்கிறது. 1889 ஜூன் 12-ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரு சிறப்பு ரயிலில் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. மேட்டில் ஏற முடியாமல் எஞ்சின் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும் மேலே கொண்டுபோக முயன்றார்கள். கழற்றிவிட்ட பெட்டிகளில் பிரேக் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இல்லை. அவை பின்னோக்கி உருண்டு, கீழே இருந்து வந்துகொண்டிருந்த ரயிலின் மேல் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

அதே ஆண்டில் சட்டம் வந்தது. பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டிகளிலும் தொடர் பிரேக் இருக்க வேண்டும். ரயில் அறுந்தால் அது தானாகவே பிடிக்க வேண்டும். நல்ல பிரேக் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. செலவுக்குப் பயந்து கம்பெனிகள் காலம் கடத்தியிருந்தன. பயணிகள் ரயிலை இழுக்கும் எஞ்சினில் இந்தக் குழாய் எங்கும் காணோம் என்றால், அந்தப் படம் பெரும்பாலும் 1890-க்கு முந்தியது.

இனி, எல்லோருக்கும் பிடித்த பகுதிக்கு வருவோம். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் கரிவண்டி இருக்கிறதல்லவா? அதன் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். 1923 ஜனவரி முதல் நாள் வரையில் பிரிட்டனில் நூற்றுக்கு மேற்பட்ட ரயில் கம்பெனிகள் இருந்தன. அன்று அவை நான்கு பெரிய கம்பெனிகளாக ஒன்றுசேர்ந்தன: எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர்., கிரேட் வெஸ்டர்ன், சதர்ன். கிரேட் வெஸ்டர்ன் மட்டும் பழைய பெயரோடே தொடர்ந்தது. பிறகு 1948 ஜனவரி முதல் நாள் நான்கும் அரசுடைமையாகி பிரிட்டிஷ் ரயில்வே ஆயின. ஆகவே கரிவண்டியில் எல்.எம்.எஸ். என்றிருந்தால் படம் 1923-க்குப் பிந்தியது. ஆனால் 1948-க்கு முந்தியது என்று உடனே சொல்லிவிடக் கூடாது. ஆட்சி மாறிய அன்றே எல்லா எஞ்சினுக்கும் புது வர்ணம் அடிக்க முடியுமா? பழைய எழுத்தோடு ஓரிரு ஆண்டு ஓடியவை ஏராளம்.

எண்களில் இன்னும் நல்ல கணக்கு இருக்கிறது. 1948-ல் சதர்ன் எஞ்சின்களின் எண்ணோடு 30000-ஐக் கூட்டினார்கள். எல்.எம்.எஸ். எஞ்சின்களுக்கு 40000. எல்.என்.இ.ஆர். எஞ்சின்களுக்கு 60000. கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களில் உலோகத்தில் வார்த்த எண் தகடுகள் இருந்தபடியால் பழைய எண்களையே விட்டுவிட்டார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் உலகப் புகழ்பெற்ற 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்'. 1923 பிப்ரவரியில் டான்காஸ்டர் பட்டறையிலிருந்து வெளிவந்தபோது அதற்குப் பெயரே கிடையாது. 1472 என்ற எண் மட்டும்தான். 1924-ல் லண்டன் வெம்பிளி கண்காட்சிக்கு அனுப்புவதற்காகப் பெயரும் 4472 என்ற எண்ணும் கொடுத்தார்கள். 1943-ல் போர்க்காலக் கறுப்பு வர்ணம் வந்தது. 1946 ஜனவரியில் எண் 502 ஆயிற்று. நான்கே மாதத்தில், மே மாதம், அதையும் மாற்றி 103 ஆக்கினார்கள். 1948-ல் அறுபதாயிரம் கூடி 60103 ஆனது. 1949-ல் நீல வர்ணம், 1952-ல் பச்சை வர்ணம். 1950-களின் இறுதியில் இரட்டைப் புகைபோக்கி பொருத்தினார்கள். 1961-ல், புகை டிரைவரின் கண்ணை மறைக்காமல் மேலே ஒதுங்குவதற்காகப் புகைபோக்கியின் இருபுறமும் தகடுகள் வைத்தார்கள். 1963 ஜனவரியில் அது வேலையிலிருந்து ஓய்வு பெற்றது.

பாருங்கள், 502 என்ற எண்ணோடு ஒரு படம் கிடைத்தால், அது 1946-ன் முதல் நான்கு மாதங்களில் எடுத்தது என்று கையெழுத்துப் போட்டே சொல்லிவிடலாம். எந்தப் பாட்டியும் எந்தப் பெரியப்பாவும் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆனால் 4472 என்ற எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. 1963-ல் ஆலன் பெக்லர் என்ற செல்வந்தர் எஞ்சினை விலைக்கு வாங்கினார். பழைய அழகு வேண்டும் என்று பழைய பச்சை வர்ணமும் பழைய 4472 எண்ணும் கொடுத்தார். ஆகவே 4472 என்று கண்டவுடன் 'ஆ, 1930-களின் படம்!' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கரிவண்டிகள் இரண்டு இருந்தால் அது 1966-க்குப் பிறகு. நெடுந்தூரம் ஓட அதிகத் தண்ணீர் வேண்டியதாயிற்று. முன்னால் மாடு தள்ளும் தட்டியும் மணியும் தொங்கினால், 1969 முதல் 1973 வரை அமெரிக்காவில் சுற்றிய காலம். 4472 என்ற எண்ணும் இரட்டைப் புகைபோக்கியும் சேர்ந்து தெரிந்தால், அது போருக்கு முந்திய படமாக இருக்கவே முடியாது. 2016-ல் பெரிய பழுதுபார்ப்புக்குப் பின் மறுபடி ஓட வந்தபோது அதன் எண் 60103. இப்படி ஒரே எஞ்சின் ஐந்து எண்களைச் சுமந்திருக்கிறது.

அரசுடைமையான பிறகு எடுத்த படங்களுக்குச் சின்னமே போதும். 1948-ல் கரிவண்டியில் 'பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்று முழுதாக எழுதினார்கள். 1949 முதல் சக்கரத்தின் மேல் நிற்கும் ஒல்லியான சிங்கத்தின் சின்னம் வந்தது. சைக்கிள் ஓட்டும் சிங்கம் என்று ரயில்காரர்கள் கேலி செய்தார்கள். 1956-ல் கிரீடத்திலிருந்து எழுந்து சக்கரத்தை ஏந்தும் சிங்கம் வந்தது. மேலே மின்கம்பி உண்டு என்று எச்சரிக்கும் மின்னல் குறித் தகடுகள் 1960-ஐ ஒட்டி ஒட்டப்பட்டன. டிரைவர் நிற்கும் அறையின் பக்கச் சுவரில் சரிவாக ஒரு மஞ்சள் கோடு இருந்தால், அந்த எஞ்சின் மின்கம்பிகளின் கீழ் கிரூ நகரத்துக்குத் தெற்கே போகக் கூடாது என்று பொருள். அந்தத் தடை 1964 செப்டம்பரில் வந்தது. 1968 ஆகஸ்டு 11-ஆம் நாளோடு பிரிட்டிஷ் ரயில்வேயின் வழக்கமான பாதைகளில் நீராவி முடிந்தது. ஆக, மஞ்சள் கோட்டோடு வேலை செய்யும் எஞ்சினின் படம் என்றால் நான்கு ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிட்டோம்.

நம் பக்கத்துப் பெயர்களும் அந்தத் தண்டவாளங்களில் ஓடின என்பது பலருக்குத் தெரியாது. எல்.எம்.எஸ். கம்பெனி 1934 முதல் 'ஜூபிலி' வகை எஞ்சின்கள் 191 கட்டியது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவை ஒட்டி வந்த பெயர் அது. பலவற்றுக்கு அன்றைய பேரரசின் நாடுகளுடைய பெயர்களை வைத்தார்கள். 5615-ஆம் எஞ்சினின் பெயர் 'மலாய் ஸ்டேட்ஸ்'. 5629 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்', 5625 'சரவாக்', 5604 'சிலோன்', 5574 'இந்தியா'. மலாய் மாநிலங்களின் பெயரைத் தாங்கிய எஞ்சின் இங்கிலாந்தின் குளிரில் ஓடியபோது, இங்கே அந்த மாநிலங்களின் ரப்பருக்காகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படி ஒரு வண்டி இருப்பதே தெரியாது. படத்தில் 'மலாய் ஸ்டேட்ஸ்' 5615 என்றிருந்தால் போருக்கு முன்னோ போரின்போதோ அதை அடுத்தோ எடுத்தது. 45615 என்றிருந்தால் 1948-க்குப் பிறகு. ஜூபிலிகள் எல்லாம் 1967-க்குள் ஓய்வு பெற்றன. நான்கு மட்டும் பிழைத்தன. 'மலாய் ஸ்டேட்ஸ்' அவற்றில் இல்லை. அதை இனி யாரும் புதிதாகப் படமெடுக்க முடியாது.

பெயர் மாற்றமும் காலம் சொல்லும். 'கோல்டு கோஸ்ட்' என்ற எஞ்சின், அந்த நாடு 1957-ல் விடுதலை பெற்ற பிறகு 'கானா' ஆயிற்று. நாட்டுக்குக் கிடைத்த விடுதலை எஞ்சினின் நெற்றியிலும் எழுதப்பட்டது.

மலாயா ரயில்வேயின் பழைய படங்களை வைத்திருப்பவர்களும் இந்த முறையைக் கையாளலாம். நம் ரயில்வேயில் பிற்காலத்தில் 56-ஆம் வகுப்பு என்று அழைக்கப்பட்ட 4-6-2 எஞ்சின்கள், 1938 முதல் 1946 வரையில் கிளாஸ்கோ நகரத்தில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டியவை. மூன்று பழைய கம்பெனிகள் 1903-ல் சேர்ந்து உருவானது அது, 1962-ல் மூடப்பட்டது. எஞ்சினில் அதன் தகடு தெரிந்தால், அந்த எஞ்சின் 1903-க்கு முன் பிறந்ததல்ல.

வர்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. மிட்லண்ட் ரயில்வேயின் அழகிய செந்நிற எஞ்சின்கள் படத்தில் கரிக்கட்டைபோல் விழும்; நீலமோ வெளிறிப்போகும். பட்டறைகள் எடுத்த அதிகாரபூர்வமான படங்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. சின்னஞ்சிறு ஆணிகூடத் தெளிவாக விழ வேண்டும் என்று, புது எஞ்சினுக்குப் படத்துக்காகவே சாம்பல் வர்ணம் பூசுவார்கள். படம் எடுத்து முடிந்ததும் உண்மையான வர்ணம் அடிப்பார்கள். சாம்பல் நிற எஞ்சினைப் பார்த்து இந்தக் கம்பெனியின் நிறம் இதுதான் என்று எழுதிவைத்தால் தவறாகிவிடும்.

சில நேரம் எஞ்சினே பொய் சொல்லும். 1952 பிப்ரவரியில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். அவருடைய உடலை லண்டனிலிருந்து வின்ட்சருக்குக் கொண்டுசெல்ல 4082 'வின்ட்சர் காஸில்' எஞ்சின் வேண்டும் என்றார்கள். 1924-ல் அவருடைய தந்தையே கைபிடித்து ஓட்டிய எஞ்சின் அது. ஆனால் அந்த நேரத்தில் அது பட்டறையில் பழுதுபார்ப்பில் கிடந்தது. உடனே 1948-ல் கட்டிய 7013 'பிரிஸ்டல் காஸில்' எஞ்சினுக்கு அந்தப் பெயரையும் எண்ணையும் மாட்டி அனுப்பினார்கள். பிறகு திரும்ப மாற்றவே இல்லை. ஆகவே 1952-க்குப் பிறகு எடுத்த படங்களில் 'வின்ட்சர் காஸில்' என்று நிற்பது உண்மையில் வேறு எஞ்சின். இதற்கு முன்பும் 1933-ல் 'ராயல் ஸ்காட்' என்ற பெயரோடு அமெரிக்கா சென்றது அதன் உடன்பிறப்பான 6152-தான். அதனால்தான் ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும்.

எஞ்சினின் முன்னால் மாட்டிய விளக்குகளும் அப்படி ஒரு சாட்சி. இரண்டு பஃபர்களுக்கு மேலேயும் ஒவ்வொரு விளக்கு இருந்தால் விரைவு ரயில். புகைபோக்கியின் அடியில் ஒன்று மட்டும் இருந்தால் ஒவ்வொரு நிலையமாக நின்று போகும் சாதாரண ரயில். பின்புறத்தில் 'லண்டன் எக்ஸ்பிரஸ்' என்று எழுதி, படத்தில் ஒற்றை விளக்கு எரிந்தால் எழுதியவரைச் சந்தேகிக்கலாம்.

கடைசியாக, முகப்புக் கதவின் அடியில் ஒரு சிறிய முட்டை வடிவத் தகடு. அதில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எஞ்சின் எந்தக் கொட்டகையைச் சேர்ந்தது என்பதற்கான அடையாளம் அது. எல்.எம்.எஸ். கம்பெனி இதை 1935-ல் தொடங்கியது. அரசுடைமைக்குப் பின் 1950-ஐ ஒட்டி எல்லோருக்கும் வந்தது. 34ஏ என்றால் லண்டன் கிங்ஸ் கிராஸ் கொட்டகை. அது 1963 ஜூனில் மூடப்பட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் பல படங்களில் இந்தத் தகடு தெரியும். ஆனால் பார்ப்பதற்குத் தகுதியானது.

ஏனென்றால் எஞ்சினைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். எண்ணெய்க் குவளையோடு டிரைவர், கரி அள்ளும் மண்வாரியோடு பயர்மேன், ஓரத்தில் துணிக்கந்தலோடு எஞ்சின் துடைக்கும் பையன். ரயில் வேலையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பையனாகத்தான் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்து டிரைவர் ஆனார்கள். எஞ்சினின் பெயரைப் பின்புறத்தில் எழுதியவர்கள் இவர்களுடைய பெயரை எழுதுவதில்லை. ஆனால் பழைய கம்பெனிகளின் ஊழியர் பதிவேடுகள் பல, லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. எந்தக் கொட்டகை, எந்த ஆண்டு என்ற இரண்டும் தெரியாமல் அவற்றைத் திறந்தால் கடலில் ஊசி தேடுவதுபோலத்தான். இரண்டும் தெரிந்துவிட்டால் சில பக்கங்களுக்குள் தேடல் அடங்கிவிடும். அங்கே மனிதனுடைய பெயர் இருக்கும். பல பதிவேடுகளில் பிறந்த நாள், வேலையில் சேர்ந்த நாள், சம்பளம் எப்போது எவ்வளவு உயர்ந்தது, என்ன குற்றத்துக்கு எவ்வளவு அபராதம் பிடித்தார்கள் என்பதும் மையால் எழுதப்பட்டிருக்கும்.